சந்தனம்மாளின் வயிறும் எங்கள் ஊரும்

சந்தனம்மாள் எனக்குச் சித்தி முறை. காமயகவுண்டன்பட்டி மேலத்தெருவில் சீனிச்சாமி என்கிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள். மனிதர் என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் கிடைக்காததால் எழுதுகிறேன். அவருக்கு வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மலையில் இருப்பார். கம்பம்மெட்டு மலைப்பாதை இறங்கி ஊருக்கு வந்தால் கழுத்தில் ஒரு மப்ளர், வாயில் நாலு மலையாளச் சொல், கையில் ஒரு பொட்டணம் ஏலக்காய். அந்தப் பொட்டணமும் நேரே அவருடைய அக்கா மொக்கம்மாள் வீட்டுக்குப் போய்விடும். வீட்டையும் வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டது சந்தனம்மாள்தான்.

எங்கள் ஊரில் அப்போது ஒரு பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பதை அவள் தலையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை வைத்து முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் சந்தனம்மாள் உச்சத்தில் இருந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. ‘பாரவண்டி’ என்று அவளுக்குப் பட்டப்பெயர். அதைப் புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார்கள். வண்டிமாட்டுக்குக்கூட அமாவாசைக்கு ஓய்வு விட்ட ஊர் அது. அவளுக்கு அந்த அமாவாசையும் கிடையாது.

1936 ஐப்பசி அடைமழையில் அவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. முன்னால் இரண்டும் பெண். இந்த முறை இரண்டும் ஆண். இரண்டும் நல்ல கனமான பிள்ளைகள். கடைசி மாதங்களில் அவள் நடந்தால் தன் காலைத் தான் பார்க்க முடியாது. சீனிச்சாமி தெருவெல்லாம் ஏலக்காய் தட்டிப்போட்ட காப்பி கொடுத்தார். என்னமோ அவரே பெற்றதுபோலப் பத்து நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். பேர் வைக்கக்கூட நிற்கவில்லை. தோட்டத்தில் காய் எடுப்பு என்று மலையேறிப் போய்விட்டார்.

அவர் போன மறுநாளே மொக்கம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

“ஏத்தா, இன்னும் எம்புட்டு நாளைக்குப் படுத்திருப்ப? நாத்து முத்திப்போகுது. நானெல்லாம் ஆறு பெத்தவ. பெத்த மூணாம் நாளு உலக்கையப் பிடிச்சேன்.”

மொக்கம்மாள் பேசினால் இந்த ஆறு பிள்ளை வராமல் இருக்காது. சந்தனம்மாள் எழுந்தாள். நாற்றுக்கட்டைச் சுமந்தாள். நெல் குத்தினாள். சாணிக்கூடை தூக்கினாள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

பிள்ளை பிறந்த பிறகும் அவள் வயிறு உள்ளே போகவில்லை. ஐந்தாறு மாதக் கர்ப்பம்போல முன்னால் தள்ளிக்கொண்டே நின்றது. கார்த்திகையில் எப்படி இருந்ததோ அப்படியே தையிலும் இருந்தது. பாயிலிருந்து எழுந்திருக்கும்போது நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நடுவயிறு கூரை முகடு மாதிரி எழும்பும்; எழுந்து உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். இடுப்பு விட்டுப்போனது போல வலிக்கும். குனிந்து நிமிர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் சரிந்து விழப்போகிறது என்று தோன்றும். இருமினால் வயிற்றைக் கையால் பொத்திக்கொள்வாள்.

மொக்கம்மாளே முன்னின்று வைத்தியம் பார்த்தாள். கம்பத்திலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தாள். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று எல்லோரும் பயந்தபோது கண்ணைத் திறந்து, “கட்டி” என்றார். கட்டி கரையப் பேதிக்குக் கொடுத்தார். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்குப் பேதி. அவள் சுருண்டு விழுந்தாள். வயிறு அப்படியே இருந்தது. கட்டி ரொம்பப் பழையது என்று சொல்லிவிட்டு ஒரு சேவலை வாங்கிக்கொண்டு அவர் போனார். அடுத்து வந்தவன் காற்றுச்சேட்டை என்றான். மிளகாய் வற்றலை நெருப்பில் போட்டு அவள் முகத்துக்கு நேரே புகை போட்டான். அவள் இருமிய இருமலில் வயிறு இன்னும் பிய்ந்ததுதான் மிச்சம். பேய் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது என்று சொல்லி அவனும் ஒரு சேவலோடு போனான். கோழிக்கூண்டு காலியான பிறகு வைத்தியர்கள் வருவது தானாக நின்றது.

இது வரைக்கும் நடந்தது வெறும் முட்டாள்தனம். மன்னித்துவிடலாம். சித்திரையில்தான் எங்கள் ஊர் தன் உண்மையான குணத்தைக் காட்டியது.

தண்ணீர்க் கிணற்றில் மொக்கம்மாள்தான் ஆரம்பித்தாள். சந்தனம்மாள் குடத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் காதில் விழுகிற மாதிரி, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“எந்தம்பி மலைக்குப் போயி ஆறு மாசமாச்சு. இங்கன வகுறு மட்டும் எங்கிட்டுருந்து வருதுன்னு தெரியல.”

வயிறு வரவே இல்லை, போகாமல் இருந்தது. ஐப்பசியிலிருந்து அதே வயிற்றைத்தான் தினமும் அந்தக் கிணற்றடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டி என்று பேதி கொடுத்ததும், பேய் என்று புகை போட்டதும் அவர்கள் கண் முன்னாலேதான். ஆனாலும் அன்றைக்கு மொக்கம்மாள் வாயைத் திறந்ததும், எல்லோருக்கும் அந்த வயிறு நேற்றுத்தான் முளைத்ததுபோலத் தெரிந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிள்ளை பெறாதவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூட இல்லை.

சந்தனம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“ஆமா மதினி, மாசமாத்தான் இருக்கேன். பெத்ததும் ஒங்க கையிலயே தாரேன். ஆறோட ஏழா வளத்துக்கங்க.”

எங்கள் ஊருக்குக் கேலி புரியாது. இதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றால் ஆள் வேண்டுமே? அதற்கும் ஒருவரைப் பிடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்து அழகுமலை. பெண்சாதி செத்துப்போனவர். சந்தனம்மாள் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற கமலை மாட்டை எப்போதாவது முறைவைத்து ஓட்டிக்கொடுப்பார். அந்த மனிதர் தன் நிழலைப் பார்த்தே ஒதுங்கிப் போகிறவர். பேச்சு காதில் விழுந்ததும், “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் தைரியமில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சுருளிப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்கு ஓடிவிட்டார். அவர் ஓடியதைச் சாட்சியாக வைத்து ஊர் முடிவுக்கு வந்துவிட்டது.

மலைக்கு ஆள் அனுப்பிச் சீனிச்சாமியிடம் சொன்னார்கள். கேட்டதும் பதறி ஓடிவந்திருப்பார் என்று நினைப்பீர்கள். வரவில்லை. “பொறக்கட்டும், பாத்துக்கிறலாம்” என்று சொல்லி அனுப்பினாராம். வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் வயலையும் நான்கு பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். மலை குளிர்ச்சியாக இருந்தது, அங்கேயே இருந்துகொண்டார்.

சந்தனம்மாள் இதற்கெல்லாம் அழவில்லை. அவள் அழுதது வேறொரு காலையில். பாயில் படுத்திருந்தவள், பக்கத்தில் அழுத ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தாள். பாதி எழும்போதே வயிறு கைவிட்டது. நடுவில் எதுவுமே இல்லாததுபோல உடம்பு மடிந்து, பிள்ளையோடு பக்கவாட்டில் சாய்ந்தாள். பிள்ளையின் தலை அம்மிக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் பட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பெண் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, இரட்டையரை மடியில் போட்டுக்கொண்டு, உத்தமபாளையம் போகிற வண்டியில் ஏறினாள்.

அங்கே மிஷன்காரர்கள் வாரம் ஒருநாள் திறக்கிற ஒரு மருந்துக்கூடம் இருந்தது. ஜெபமணி என்று ஒரு டாக்டரம்மா வருவார். நடுத்தர வயது, வெள்ளைச் சேலை, சிரிக்காத முகம். அவர் எல்லோரையும் திட்டுவார் என்று ஊரில் பேர். வருகிறவர்கள் மூன்று வைத்தியரிடம் காட்டிக் கெடுத்துக்கொண்டு நாலாவதாகத் தன்னிடம் வந்தால் அவர் என்ன கொஞ்சுவாரா?

“படும்மா. காலை மடக்கு. கையைத் தலைக்குக் கீழ வைக்காத. இப்போ தலையை மட்டும் தூக்கு.”

சந்தனம்மாள் தலையைத் தூக்கினாள். முகடு எழும்பியது. டாக்டரம்மா அவள் நடுவயிற்றில் விரலை வைத்து அமுக்கினார். விரல்கள் உள்ளே இறங்கின.

“என் நாலு விரலும் உள்ள போகுது. உன் கையாலயே தொட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் கெட்டியா ஒரு விளிம்பு தட்டுப்படுதா?”

“ஆமா டாக்டரம்மா.”

“அதுதான் வயித்துச் சதை. ரெண்டு பட்டையா மேலருந்து கீழ வரைக்கும் போகும். நடுவுல நார் மாதிரி ஒண்ணு ரெண்டையும் சேத்துப் பிடிச்சிருக்கும். ரெட்டைப் பிள்ளை சுமந்ததுல அந்த நார் விரிஞ்சு பட்டை ரெண்டும் தள்ளிப்போச்சு. இது கட்டியுமில்ல, பிள்ளையுமில்ல. பெத்ததும் எத்தனை நாள் படுத்திருந்த?”

சந்தனம்மாள் சொன்னாள். நாற்றுக்கட்டு, உலக்கை, சாணிக்கூடை, பேதி, மிளகாய்ப்புகை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார்.

“இவ்வளவு செஞ்சும் நீ உயிரோட இருக்கியே, அதுதான் எனக்கு ஆச்சரியம். இது சரியாகும். முழுசா ஆகுமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கனம் தூக்கக் கூடாது. குடம், கட்டு, கூடை, உலக்கை எதுவும் கூடாது. எழுந்திருக்கிறப்ப நேரா எழும்பாத. பக்கமாப் புரண்டு, கையை ஊணி எழும்பு. வயித்தைச் சுத்தித் துணி கட்டு. இறுக்கி மூச்சு முட்டக் கட்டாத. தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தாப் போதும். உக்காந்திருக்கிறப்ப எல்லாம் மூச்சை மெதுவா வெளிய விட்டு, தொப்புளை முதுகுப் பக்கம் உள்ள இழு. கொஞ்ச நேரம் பிடிச்சிரு, விடு. தினமும் செய். ஒரு வருஷமானாலும் செய்.”

சந்தனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஒரு வருசமா? தூக்காமக் கெடந்தா எங்க ஊர்ல என்னைய சும்மா விடுவாகளா?”

“உன் ஊர்ல யாரைக் கேட்டு இப்படி வயித்தைக் கெடுத்துக்கிட்ட?”

“யாரையும் கேக்கல.”

“அப்போ யாரையும் கேக்காமலே சரி பண்ணிக்கோ. அடுத்த ஆள் வரச் சொல்லு.”

அவ்வளவுதான் அந்த வைத்தியம். சேவல் கேட்கவில்லை.

சந்தனம்மாள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். சீனிச்சாமியின் கல்யாண வேட்டி, நல்ல ஜரிகைக் கரை போட்டது, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை நீளவாக்கில் கிழித்தாள். ஒரு பாதியை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மறுபாதியைத் துவைத்து மாற்ற வைத்துக்கொண்டாள். அந்த வேட்டி அந்தக் குடும்பத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் குடம் தூக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு மறுபடி போனாள். மாட்டுக்குப் புல் சுமப்பதை விட்டாள்; மாட்டையே புல் இருக்கிற வரப்புக்கு ஓட்டிப்போய்க் கட்டினாள். சாணியைக் கூடையின் அடியளவு மட்டும் அள்ளினாள். நெல் குத்துவதை நிறுத்திவிட்டு, கம்பத்து ரைஸ் மில்லுக்கு வண்டியில் போட்டு அனுப்பினாள். பாதி வயலை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டாள். பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைப்பதற்குப் பதில், தான் தரையில் உட்கார்ந்து அவர்களை மடியில் ஏறவிட்டாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மூச்சை விட்டு வயிற்றை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள். முதல் மாதங்களில் இழுத்தால் எதுவுமே நகராது. யாருடைய வயிற்றையோ இழுப்பது போல இருக்குமாம். கோபத்தில் சில நாள் விட்டுவிடுவாள், மறுபடி பிடித்துக்கொள்வாள்.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்று சொல்லும்போதுகூட அவளைச் சாணி அள்ளவிட்ட ஊர், அவள் செம்பில் தண்ணீர் எடுப்பதைப் பார்த்துக் கொதித்தது. பாரவண்டி என்றவர்கள் ‘செம்பு ராணி’ என்றார்கள்.

மொக்கம்மாள் வாசலில் நின்று கேட்டாள். “ஏத்தா, கோட்டைக்குள்ள இருந்துட்டு வந்தியா? கொடம் ஒனக்குக் கனக்குதோ?”

“கனக்குது மதினி. ஒங்களுக்குக் கனக்கலைன்னா எனக்கும் சேத்து ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போங்க.”

மொக்கம்மாள் போய்விட்டாள். எவளும் ஒரு குடம்கூட ஊற்றவில்லை. எல்லோரும் வேடிக்கை மட்டும் பார்த்தார்கள்.

ஊர் பிறப்புக்காகக் காத்திருந்தது. ஆவணி போனது. புரட்டாசி போனது. பிள்ளை வரவில்லை. யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. “நாள் தள்ளிப்போகுது” என்றார்கள். ஒருத்தி, யானைக்கு இரண்டு வருஷம் என்று சொன்னாளாம்.

கார்த்திகை வாக்கில் வயிறு கொஞ்சம் வசத்துக்கு வந்தது. இழுத்தால் இழுபட்டது. முதுகு வலி இருக்கிற நாளும் இல்லாத நாளும் என்று பிரிந்தது. தை முடியும்போது, எழும்பும்போது முகடு தெரியவில்லை. சேலை முன்கொசுவம் நேராக விழுந்தது. ஒருநாள் அரைக்குடம் தூக்கிப் பார்த்தாள், வயிறு தாங்கியது. அன்றைக்கு அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாளாம்.

அந்தச் சிரிப்பை ஊர் பார்த்துவிட்டது. தட்டையான வயிற்றையும் பார்த்துவிட்டது. முன்னால் வயிறு இருந்தது, ஆகவே தப்புச் செய்தாள். இப்போது வயிறு இல்லை, ஆகவே அதைவிடப் பெரிய தப்புச் செய்தாள். டாக்டரம்மாவிடம் போய்க் கலைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். அவள் குணமாவதற்காகச் செய்த ஒவ்வொன்றும் இப்போது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது: உத்தமபாளையம் போனது, துணி கட்டியது, குடம் தூக்காதது.

மாசி மாதம் சாவடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் ஒச்சாண்டி நடுவில் உட்கார்ந்தார். அவருக்குத் தொந்தி மடியில் படிந்து கிடக்கும். அது பெரிய மனிதர் லட்சணம் என்று எங்கள் ஊரில் மரியாதை. சுருளிப்பட்டியிலிருந்து அழகுமலையை இழுத்துவந்து தூணோரம் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பேர் வைக்க நிற்காத சீனிச்சாமி இதற்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். புதுத் துண்டு, மப்ளர். துரோகம் செய்யப்பட்ட புருஷன் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கஷ்டப்படாமல் அனுதாபம் கிடைத்தது அவருக்கு வாழ்க்கையில் அன்றுதான்.

சந்தனம்மாள் வந்து நின்றாள். ஒச்சாண்டி தொண்டையைச் செருமினார்.

“ஏத்தா, ஒளிவு மறைவு வேணாம். ஊரே பாத்துச்சு. ஒனக்கு இருந்த வகுறு எங்க போச்சு?”

“ஒங்களுக்கு இருக்க வகுறு எங்கிட்டுருந்து வந்துச்சு மாமா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

பின்னால் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தாள். ஒச்சாண்டி துண்டை இழுத்துத் தொந்தியை மூடினார். சீனிச்சாமி எழுந்தார்.

“எந்தா இது? சபையில பேசற பேச்சா? நான் மலையில ரத்தத்தச் சிந்தி…”

“ஏலக்கா பறிச்சா ரத்தம் சிந்துமா? ஒக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டார். சந்தனம்மாள் சபையைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஆம்பளைகளுக்கு இது வெளங்காது. ரெண்டு பொம்பளைகள அனுப்புங்க. என் வகுறப் பாக்கட்டும். பாத்துட்டு வந்து அவுக என்ன சொல்றாகளோ, அதுக்கு நான் கட்டுப்படுறேன்.”

இது நியாயம் என்று பட்டது. மொக்கம்மாளை அனுப்பினார்கள்; கூட ஒச்சாண்டியின் மனைவி அக்கம்மாளை அனுப்பினார்கள். அக்கம்மாள் ஒன்பது பெற்றவள். சாவடிக்கு எதிரே அவள் வீடு. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

உள்ளே நடந்ததைச் சந்தனம்மாளே எனக்குச் சொன்னாள். அவள் வயிற்றில் கட்டிய துணியை அவிழ்த்துப் படுத்துக்கொண்டு, அக்கம்மாளின் கையை எடுத்து நடுவயிற்றில் வைத்தாள். தலையை மட்டும் தூக்கினாள்.

“ரெண்டு பக்கமும் வெளிம்பு தெரியுதா அத்த? இப்ப நடுவுல ரெண்டு விரல் போகும். அன்னைக்கு நாலு போச்சு. வகுத்துச் சதை பிரிஞ்சு போயிருந்துச்சு. உள்ள இருந்தது எல்லாம் அதுவழியாத்தான் முன்னால தள்ளிக்கிட்டு நின்னுச்சு. புள்ளயுமில்ல, பூச்சியுமில்ல.”

“இந்தக் கதையெல்லாம் டாக்டர்காரி சொல்லிக்குடுத்தாளாக்கும்?” என்றாள் மொக்கம்மாள்.

சந்தனம்மாள் பக்கமாகப் புரண்டு எழுந்தாள்.

“கதையான்னு பாத்திருவோம். அத்த, நீங்க படுங்க.”

“நானா?”

“படுங்க. ஒங்க கைய ஒங்க வகுத்துலயே வையுங்க. தலையத் தூக்குங்க.”

அக்கம்மாள் ஏனோ மறுக்கவில்லை. படுத்தாள். தலையைத் தூக்கினாள். அவள் கை வயிற்றுக்குள் இறங்கியது. விரல் என்ன, உள்ளங்கையே அகலவாக்கில் நடுவில் படிந்தது. இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு, நடுவில் வெறும் தோல். அக்கம்மாள் கையை எடுக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“ரெண்டாவது பெத்ததுலருந்து இப்பிடித்தான் இருக்கு,” என்றாள். “பூசணிக்கான்னு சொல்லுவாக என்னைய. சோத்தக் கொறைன்னாக. நானும் ஒரு நேரம் திங்காமக் கெடந்து பாத்தேன். இடுப்பு வலிக்குதுன்னு படுத்தா நடிக்கிறேன்னாக. நானும் நடிக்கிறேன்னுதான் நெனச்சுக்கிட்டேன்.”

கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. பிறகு எழுந்து மொக்கம்மாளைப் பார்த்தாள்.

“நீ படு.”

“எனக்கெதுக்கு மதினி? நான் ஆறு பெத்தும்…”

“படுடி.”

பெரியதனக்காரர் பெண்சாதி குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. மொக்கம்மாள் படுத்தாள். தலையைத் தூக்கினாள். தூக்கியதும் முகடு எழும்பியது, ஒரு ஓட்டுக்கூரைக்கு ஆகிற அளவு. தொப்புளுக்குக் கீழே மூன்று விரல், மேலே நான்கு விரல். பெற்ற மூன்றாம் நாள் உலக்கை பிடித்ததன் பலன் அத்தனையும் அங்கே இருந்தது. மொக்கம்மாள் சேலையை இழுத்து வயிற்றை மூடினாள். சந்தனம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பாவமா இருந்துச்சா சித்தி?” என்று கேட்டேன். “இல்ல,” என்றாள். “சீன்னு இருந்துச்சு. இத வச்சுக்கிட்டா என்னைய அம்புட்டுப் பேசுனான்னு.”

மூவரும் வெளியே வந்தார்கள். அக்கம்மாள் நேரே சாவடிக்குப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

“ஒண்ணுமில்ல. எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க.”

“என்ன ஒண்ணுமில்ல? வெவரமாச் சொல்லு. புள்ள…”

“ஒம்பது பெத்தவ சொல்றேன், ஒண்ணுமில்ல. இதுக்கு மேல வெவரம் வேணும்னா என் வகுத்தப் பத்தித்தான் சொல்லணும். சபையில சொல்லவா?”

ஒச்சாண்டி வேகமாக எழுந்துவிட்டார். ஆனால் கூட்டம் கூடிவிட்டதே, தீர்ப்பு இல்லாமல் எப்படிக் கலைவது? கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். கடைசியில், ஊரிடம் சொல்லாமல் ஊரை விட்டுப் போனதற்காக அழகுமலை கோயிலுக்குத் தேங்காயும் விளக்கெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த மனிதர் கும்பிட்டு ஒப்புக்கொண்டார். சந்தனம்மாளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவில்லை. தப்பாகிப் போச்சு என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு இருந்ததில்லை. மறுநாள் கிணற்றடியில் வேறு யாருடைய மகளைப் பற்றியோ பேச ஆரம்பித்தார்கள்.

சீனிச்சாமி அவளுக்குப் பின்னாலேயே வீடு வரை வந்தார். மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நான் நம்பல, சந்தனம். அக்காதான்…”

“நம்பாமத்தான் புதுத் துண்டு போட்டு வந்தீகளா?”

அவள் இரண்டு குடத்தையும் எடுத்து வெளியே வைத்தாள்.

“இருக்கதுன்னா தண்ணி எடுத்துட்டு வாங்க. இல்லைன்னா மலைக்குப் போங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

சட்டென்று மலைக்குப் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். குடத்தை எடுத்தார். தெருவே பார்க்க, ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார். திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். சாவடியில் முகம் போன மனிதருக்கு அன்றைக்கு மலையேற வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். பத்து நாளில் போய்விட்டார். ஆனால் பிறகு எப்போது ஊருக்கு வந்தாலும் தண்ணீர் அவர்தான் எடுத்தார். படுக்கை மட்டும் தாழ்வாரத்தில். டாக்டரம்மா இன்னும் கொஞ்ச வருஷம் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சந்தனம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பங்குனியிலிருந்து பெண்கள் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மோர் வாங்க, நெருப்பு வாங்க, சும்மா இந்தப் பக்கமாகப் போனேன் என்று சொல்லிக்கொண்டு. கிணற்றடியில் சிரித்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். சந்தனம்மாள் ஒருத்தியையும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியையும் திருப்பி அனுப்பவில்லை. “படு. தலையத் தூக்கு. கொடத்த விடு. அடுத்தவ வகுத்தப் பாக்குற நேரத்துல ஒன் வகுத்தப் பாரு” என்று வெடுக்கென்று சொல்லுவாள். அக்கம்மாளுக்கு ரொம்ப நாள் ஆகிவிட்டதால் பாதிதான் கூடியது. இடுப்பு வலி மட்டும் விட்டது. அவள் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டாள். ஒச்சாண்டி முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை.

கடைசியாக மொக்கம்மாள் வந்தாள், புளி கேட்டுக்கொண்டு. சந்தனம்மாள் புளியையும் கொடுத்தாள், வயிற்றுக்குக் கட்டத் துணியும் கொடுத்தாள். கட்டுகிற விதத்தைக் காட்டினாள். அதோடு சரி. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. மொக்கம்மாளின் ஆறு பிள்ளைக் கதையும் அதோடு நின்றுபோனது.

சந்தனம்மாளுக்குக் கடைசிவரை ஒரு விரல் இடைவெளி இருந்தது. குளிர் மாதத்தில் இடுப்பு பிடிக்கும். முழுக்கக் குணமாயிற்று என்று நான் எழுதினால் அவளே வந்து திட்டுவாள்.

1946-இல் அவள் மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான். பிள்ளை பெற்றுச் சில வாரத்தில் கம்பத்திலிருந்து சம்பந்தியம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அறுப்பு ஆரம்பிச்சிருச்சு மதினி. வீட்டுல ஆளில்ல. மருமகளக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அறுப்புக்கு ஆள் விடுங்க,” என்றாள் சந்தனம்மாள்.

“கூலி குடுத்துக் கட்டுபடியாகுமா?”

“ஆகலைன்னா நெல்லு நிக்கட்டும். எம்மக வரமாட்டா.”

சம்பந்தியம்மாள் கோபித்துக்கொண்டு சாப்பிடமாட்டேன் என்றாள். பிறகு சாப்பிட்டாள். இரண்டு நாள் இருந்து கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஊரில் போய் என்ன சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் யோசித்துக்கொண்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனாள். மகள் அறுப்பெல்லாம் முடிந்து, வைக்கோல் படப்பு போட்ட பிறகுதான் புருஷன் வீட்டுக்குப் போனாள்.